பெரும் பணக்காரர்களின் நன்கொடையை நம்பிப் பொது நிறுவனங்கள் நடக்கலாமா?

தொடங்கலாம், நடத்த முடியாது. நான் காரைக்குடிக்காரன், அதனால் எங்கள் ஊர்க் கதையிலிருந்தே சொல்கிறேன்.

மத்திய மின்வேதியியல் ஆய்வகம், எங்கள் வாயில் 'சிக்ரி', இந்த வறண்ட சீமைக்கு வந்ததற்குக் காரணம் தொழிலதிபர், வள்ளல் அழகப்பர். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அழகப்பர் 1957இல் காலமாகிவிட்டார். ஆனாலும் ஆய்வகம் ஆட்டம் காணவில்லை. விஞ்ஞானிகளின் சம்பளம், கருவிகள், கரண்டு பில் எல்லாம் மத்திய அரசின் பொறுப்பில் இருந்ததுதான் காரணம். அவர் போட்டது விதைநெல். வருஷா வருஷம் தண்ணீர் பாய்ச்சியது வரிப்பணம்.

அமெரிக்க எஃகு முதலாளி கார்னகி இதையே நிபந்தனையாக வைத்தார். அவர் பணத்தில் உலகம் முழுக்க 2,509 நூலகங்கள் எழுந்தன. ஆனால் கட்டடம் வேண்டுமென்றால் ஊர் நிலம் தர வேண்டும், கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்குவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, இந்த நிபந்தனை இல்லாவிட்டால் என்ன ஆகும்? என் மகள் படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஒரு தொழிலதிபர் ஆர்ஓ குடிநீர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். ரிப்பன் வெட்டு, பொன்னாடை, எவர்சில்வர் தகட்டில் 'உபயம்' என்று பெயர். ஒன்றரை வருடத்தில் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. மாற்றும் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தலைமையாசிரியருக்குத் தெரியவில்லை. இப்போது அதன் தலைமேல் பழைய வருகைப் பதிவேடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு போகிறார்கள்.

போன மாதம் பெற்றோர்கள் நாலு பேர் சேர்ந்து ஊரில் வசதியான இன்னொருவரைப் பார்த்து, ஃபில்டர் மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டோம். காப்பி கொடுத்து உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பழசுக்கு எதுக்குங்க செலவு? புதுசாவே ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்றார்.