ஹிஸ்டரி குரூப் கேட்கும் பெண்ணைத் தடுக்காதீர்கள்

பத்தாம் வகுப்பில் 440 மதிப்பெண் எடுத்த பெண், ப்ளஸ் ஒன்னில் ஹிஸ்டரி குரூப்தான் வேண்டும் என்று சொன்னதிலிருந்து வீட்டில் ஒரே சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. மார்க் வராத பிள்ளைகள்தான் அதில் சேருவார்கள் என்கிறாராம் பெரிய மாமா. உங்கள் பயம் புரிகிறது. ஆனால் மாமா சொல்வது தப்பு, அதை அவரிடமே சொல்லுங்கள். பயாலஜி பிடிக்காத பெண்ணை அதில் உட்கார வைத்து, நீட் கோச்சிங்குக்கு நகையை அடகு வைத்து, கிடைக்காவிட்டால் மறுபடி ஒரு வருடம் ரிப்பீட்டர் வகுப்பு என்று போனால் அந்த வட்டியை மாமாவா கட்டப் போகிறார்? அவளுக்கு விருப்பமில்லாத படிப்புக்கு ஒரு பவுன்கூட வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது.

டீச்சர் வேலை, டிஎன்பிஎஸ்சி, வக்கீல் படிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். கோயிலுக்குப் போனால் சாமி கும்பிடாமல் சுவரில் இருக்கிற எழுத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறாள் என்று குறையாகச் சொன்னீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அதற்கென்றே படிப்பு இருக்கிறது, கல்வெட்டியல். தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் என்கிற பழைய எழுத்துகளையெல்லாம் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சோழர் காலக் கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகரமா ஏகாரமா என்பதும் தெரியாது, முன்னும் பின்னும் பொருள் பார்த்துத்தான் படிக்க முடியும், அதனால் தமிழ் நன்றாக வர வேண்டும். கல்லைத் துலக்கி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் அழுத்தி, மேலே மை ஒற்றினால் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். அதைத்தான் படி எடுப்பது என்பார்கள். உத்திரமேரூரில் குடவோலை முறையில் தேர்தல் நடந்த விதம் நமக்குத் தெரிவது இப்படி யாரோ உட்கார்ந்து படித்ததால்தான். 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு. படி எடுத்தும் இன்னும் அச்சுக்கு வராத தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம்.

ப்ளஸ் டூ முடித்து பி.ஏ. வரலாறோ தமிழோ அரசு கலைக் கல்லூரியில் படிக்கட்டும், செலவு உங்கள் கைக்குள் அடங்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. அப்புறம் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலேயே கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறையும் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். அரசுப் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பு வர வருடங்கள் ஆகலாம், வெயிலில் மலை ஏற வேண்டியிருக்கும். இதை அவளிடமும் சொல்லுங்கள். கேட்ட பிறகும் வேண்டும் என்றால் சரி, சேர்த்துவிடுங்கள். நிறைய தனியார் பள்ளிகளில் இந்தக் குரூப்பே கிடையாது, அதனால் அட்மிஷன் முடிவதற்குள் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் போய்க் கேளுங்கள், போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.