சாணைக்குப் போய்க் கெட்டு வந்த கத்திகள்: கேள்வி பதில்

பணம் கொடுத்துக் கத்தியைத் தீட்டக் கொடுத்து, முன்பு இருந்ததைவிட மோசமான நிலையில் அதைத் திரும்பப் பெற்றவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. உணவக அடுக்களைகளுக்குக் கத்தி தீட்டிக் கொடுக்கும் வேலையை 16 ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அதற்கு முன்பு, சமையல்காரனாக இருந்த காலத்தில், நான் ஆசையாக வாங்கிய முதல் கத்தியை ஒரு கடையில் கொடுத்து, அதன் அகலத்தில் ஒரு விரற்கடைக்கு மேல் இழந்திருக்கிறேன். ஆகையால் கேட்டவர்களின் மனவருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: வீட்டுக்கே வந்து வாங்கிச் சென்று தீட்டித் தரும் ஒரு சேவையிடம் என் ஜெர்மன் கத்தியைக் கொடுத்தேன். வந்த அன்று காகிதத்தைச் சரசரவென்று அறுத்தது. ஐந்தாம் நாள் தக்காளித் தோலில் வழுக்குகிறது. கத்தி போலியா, வேலை மோசமா?

கத்தியைச் சந்தேகிக்க வேண்டாம். என்னிடம் வரும் இத்தகைய கத்திகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கிறது: ஒன்று பிசிர், மற்றொன்று சூடு.

கல்லோ இயந்திரத்தில் ஓடும் சாணைப் பட்டையோ விளிம்பின் ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது, மெல்லிய உலோக இழை ஒன்று மறுபக்கமாக மடிந்து நிற்கும், அதுவே பிசிர். அது எழுந்தால்தான் தேய்ப்பு விளிம்புவரை எட்டியது என்று பொருள், ஆகவே அது எழுவதில் தவறில்லை. அதை நீக்காமல் விடுவதுதான் தவறு. நீக்கப்படாத பிசிர் நிமிர்ந்து நிற்கும்வரை காகிதத்தை அருமையாக அறுக்கும். வெட்டுப்பலகையில் நாலு நாள் தட்டுப்பட்டதும் மடிந்தோ ஒடிந்தோ போய்விடும், அதன் அடியில் இருக்கும் மழுங்கிய விளிம்பு வெளிப்படும். முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி விரல் நுனியை மெதுவாக வழித்துப் பாருங்கள். விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் நகத்தில் ஏதோ இடறுவது போல் இருந்தால் பிசிர் இன்னும் இருக்கிறது. நல்ல கல்லில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, கத்தியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லாமல் பத்துப் பதினைந்து முறை இழுத்து, பிறகு தோல்வாரில் வழித்தால் சரியாகிவிடும்.

சூட்டினால் கெட்டிருந்தால் இவ்வளவு எளிதன்று. கத்தி எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்தபின், அதாவது சட்டெனக் குளிர்வித்தபின், அதன் நொறுங்கும் தன்மையைப் போக்க மீண்டும் ஏறத்தாழ 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை மிதமாகச் சூடாக்குவார்கள். கத்தியின் கடினத்தை நிலைநிறுத்துவது அந்தப் பதம்தான். நீங்கள் வைத்திருப்பது போன்ற ஜெர்மன் கத்திகளில் சுமார் 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் இருக்கும். உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் அவற்றின் கடினம் 55 முதல் 58 வரை. தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் விளிம்பை அழுத்தினால், அங்கே உலோகம் தாளைவிட மெல்லியதாக இருப்பதால், கை பிடித்திருக்கும் பகுதி வெதுவெதுப்பாகக்கூட ஆகாத நிலையிலேயே விளிம்பு அந்தப் பதச்சூட்டைத் தாண்டிவிடக்கூடும். சாதாரண எஃகில் வைக்கோல் நிறமோ, சுமார் 300 டிகிரியில் நீலமோ படிந்து அதைக் காட்டிக்கொடுக்கும். துருப்பிடிக்காத எஃகில் அந்த நிறங்கள் இன்னும் அதிகச் சூட்டில்தான் தோன்றும் என்பதால், நிறம் மாறவில்லை என்று தீட்டியவர் சொல்வதை மட்டும் வைத்துக் கத்தி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

எனவே முதலில் பிசிரை நீக்கிவிட்டு இரண்டு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். கூர் நின்றால் கவலையில்லை. கல்லில் முறையாகத் தீட்டியும் நாலு நாளில் மீண்டும் மீண்டும் மழுங்கினால், மென்மையாகிப்போன அந்தப் பகுதி தேய்ந்து தீரும்வரை கத்தி அப்படித்தான் இருக்கும்.

சென்னையில் மிக்சி பழுது பார்ப்பவர்: ஜாரின் பிளேடையும் தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கிறார்கள். பிறகு ஜார் ஒழுகுகிறது என்று என்னிடம் வருகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றும் பிளேடில் ஒரு சிறகு மட்டும் கூடுதலாகத் தேய்ந்தால் சமநிலை குலைந்து அதிர்வு வரும். அந்த அதிர்வில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, அதன் வழியாக நீர் கசியும். பிளேடை மாற்றிவிடச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா: என் மாமியார் காலத்து அரிவாள்மனையைச் சைக்கிளில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். இப்போது அலகு அலை அலையாக இருக்கிறது. தேங்காய் துருவும் பல்லும் மொட்டையாகிவிட்டது. தெருவில் கொடுத்ததே தவறா?

தெருவில் கொடுத்தது தவறில்லை, அம்மா. காலால் மிதித்துச் சக்கரத்தை ஓட்டும் சாணைக்காரர்களில் மிகத் தேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிதிக்கும் வேகத்தைத் தம் காலிலேயே வைத்திருப்பதால், மின்மோட்டாரில் பிடிக்கும் கடைகளைவிட அவர்களிடம் சூடு ஏறும் ஆபத்தும் பொதுவாகக் குறைவு. உங்கள் மனையில் நேர்ந்தது கைத்தவறு. வளைந்த அலகைச் சக்கரத்தில் ஒரே ஓட்டமாக நகர்த்த வேண்டும். எங்கே கை நின்றதோ அங்கே குழி விழும். மரப்பலகை இடிப்பதால் அலகின் அடிப்பகுதி சக்கரத்துக்கு எட்டாமல் மேடாக நிற்கும். துருவல் பற்களைச் சக்கரத்தில் காட்டவே கூடாது. சிறு அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவ வேண்டும்.

பழைய மனையாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அருகில் கொல்லர் பட்டறை இருந்தால், அலகை மட்டும் பலகையிலிருந்து கழற்றிக் கொடுத்து, மேடுகளை அரத்தால் சமன்செய்து, பல்லை மறுபடி வெட்டித் தரச் சொல்லுங்கள். அலகைக் காய்ச்ச வேண்டிய தேவை இதில் இல்லை. காய்ச்சித்தான் ஆகவேண்டும் என்று அவர் சொன்னால், மறுபடி தோய்ச்சல் கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். அதன் பிறகு கையில் பிடித்து ஓட்டும் சிறு கல்லே வீட்டுக்குப் போதும். அலகை நகர்த்தாமல் கல்லை நகர்த்துவதுதான் அரிவாள்மனைக்கு ஏற்ற முறை.

ஒரு நட்சத்திர ஓட்டல் சமையல்காரர்: சாஷிமிக்காகப் பச்சை மீனை மெல்லிய துண்டுகளாக அறுக்கும் யனாகிபா என்ற ஜப்பானியக் கத்தியைத் தீட்டக் கொடுத்தோம். சாதாரணக் கத்தி போல இரண்டு பக்கமும் தீட்டி அனுப்பிவிட்டார்கள். மீட்க முடியுமா?

முடியும், ஆனால் கத்தி சற்றுக் குறுகும். யனாகிபாவுக்கு ஒரு பக்கம் மட்டுமே சரிவு. பின்பக்கம் நடுவில் லேசாகக் குழிந்து, விளிம்பை ஒட்டிய மெல்லிய கோடு மட்டும் கல்லில் படும்படி செய்யப்பட்டிருக்கும். மீன் துண்டு அலகில் ஒட்டாமல் விலகுவதற்கு அந்தக் குழிவு உதவுகிறது. பின்பக்கத்தில் புதிதாக ஏற்படுத்திய சரிவு மறையும்வரை முன்பக்கச் சரிவை முழுதாகக் கல்லில் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும்; பின்பக்கத்தைத் தட்டையான நைஸ் கல்லில் படியவைத்து ஓரிரு முறை இழுப்பதோடு நிறுத்த வேண்டும். அங்கே பிடிவாதமாகத் தேய்த்தால் குழிவே போய்விடும், அதற்குப் பிறகு மீட்பது மிகக் கடினம். இதை முன்பு செய்து பழகாத கையில் மறுபடியும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பக்கச் சரிவு என்ற சொல்லையே கேட்டிராதவர் அந்தக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

திருச்சியிலிருந்து ஒருவர்: தீட்டி வந்தபின் கத்தி கூராகத்தான் இருக்கிறது, ஆனால் வெங்காயத்தாள் முழுவதும் அறுபடாமல் மாலைபோலத் தொங்குகிறது.

கத்தியை வெட்டுப்பலகையில் நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். பிடியை ஒட்டிய குதிப்பகுதிக்கு முன்னால் வெளிச்சம் தெரிந்தால், அங்கே அதிகமாகத் தேய்த்துப் பள்ளம் செய்துவிட்டார்கள். பிடிக்கும் அலகுக்கும் இடையில் தடித்த உலோகக் கழுத்து உள்ள கத்திகளில் இது அடிக்கடி நேர்கிறது. கழுத்து தேயாது, அதற்கு முன்னால் உள்ள மெல்லிய பகுதி மட்டும் தேயும். கழுத்தின் அடியையும் சேர்த்து இறக்கி, விளிம்பு முழுவதையும் ஒரே வளைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு தையற்கலைஞர்: கத்தரிக்கோல் தீட்டி வந்தபின் துணியை மடிக்கிறதே தவிர வெட்டவில்லை.

உள்பக்கத்தைத் தேய்த்திருப்பார்கள். கத்தரியின் இரு அலகுகளும் உள்ளே லேசாகக் குழிந்திருப்பதால்தான் மூடும்போது ஒரு புள்ளியில் மட்டும் உரசி வெட்டுகின்றன. வெளிச்சரிவை மட்டுமே தீட்ட வேண்டும். திருகாணி தளர்ந்திருந்தாலும் இதே குறை வரும், ஆகவே அதை முதலில் பாருங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறேன். கொடுக்கும் முன் எதைக் கேட்பது, எப்படிச் சோதிப்பது?

முதல் முறை நல்ல கத்தியைக் கொடுக்காதீர்கள். போனாலும் பாதகமில்லாத பழைய கத்தி ஒன்றைக் கொடுத்துக் கையைப் பாருங்கள். எதில் தீட்டுவீர்கள், தண்ணீர் உண்டா, என்ன கோணம், பிசிரை எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். ஐரோப்பியக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி, கடினமான ஜப்பானியக் கத்திக்கு 10 முதல் 15 டிகிரி என்பது பொதுவான வழக்கம். இதே எண்களை அவர் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கத்திக்குக் கத்தி கோணம் மாறும் என்பதை அறிந்திருக்க வேண்டும். வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை.

நல்ல கத்தியைக் கொடுக்கும் நாளில் அதை ஒரு வெள்ளைத்தாளில் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றிலும் கோடு வரைந்து, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதே கோட்டின் மேல் வையுங்கள். சாதாரணத் தீட்டலில் கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையே வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தாலும், பல ஆண்டுப் பயன்பாட்டில் தேய வேண்டிய எஃகை ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். நுனி உருண்டிருக்கிறதா என்பதையும் அந்தக் கோடே சொல்லிவிடும். பிறகு ஒரு மரக்கட்டையில் விளிம்பை ஐந்தாறு முறை சாதாரணமாக வெட்டி இறக்கிவிட்டு, அதன்பின் காகிதத்தை அறுத்துப் பாருங்கள், ஏனெனில் பிசிரின் பொய்க்கூர் அந்த வெட்டுகளிலேயே போய்விடும். இவை அனைத்தையும் அவர் முன்னிலையில், பணம் கொடுக்கும் முன் செய்யுங்கள்.