செடார் மரத்தில் தசைநார் ஒட்டிய வில்: கேள்வி பதில்

கேள்வி: செடார் கட்டை சட்டென்று முறிந்துவிடுமே, அதில் எப்படி வில் செய்தார்கள்?

பதில்: அமெரிக்கப் பழங்குடியினர் இந்த வில்லுக்கு எடுத்தது பெரும்பாலும் ஜூனிபர் என்ற ஊசியிலை மரம். அமெரிக்காவில் அதையும் செடார் என்றே சொல்வார்கள். அந்த மரம் அமுக்கத்தை ஓரளவு தாங்கும், இழுப்பைத் தாங்காது. நாணை இழுக்கும்போது எய்பவர் பக்கம் அமுங்கும். இலக்கைப் பார்க்கும் புறம் நீளும். முறிவு அந்தப் புறத்தில்தான் தொடங்கும். அங்கே மான் தசைநாரை ஒட்டினால், மரத்தைவிடப் பல மடங்கு நீளக்கூடிய நார் இழுப்பை ஏற்றுக்கொள்கிறது. குட்டையான வில்லையும் அச்சமின்றி நன்றாக வளைக்கலாம். 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வந்த யாஹி என்ற பழங்குடி இனத்தவரான இஷியின் வில் இதற்குச் சான்று. நீளம் 42 அங்குலம், மரம் மலை ஜூனிபர், முதுகில், அதாவது இலக்கைப் பார்க்கும் புறத்தில், மான்கால் நார். அவரிடம் வில்வித்தை பயின்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

கேள்வி: ஐயா, கணு இல்லாத ஜூனிபர் கட்டையே கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?

பதில்: மரத்தை வெட்டவே இல்லை! அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நேராக வளர்ந்த ஜூனிபரைத் தேடி, வேண்டிய நீளத்துக்கு மேலும் கீழும் குறுக்காக வெட்டுவாய் போட்டார்கள். இடைப்பட்ட பகுதி மரத்திலேயே காய்ந்தது. பிறகு அதை மட்டும் பிளந்து எடுத்தார்கள். மரம் தொடர்ந்து வளர்ந்தது. இதைவிடப் பண்பட்ட மர அறுவடையை நான் அறியேன்.

கேள்வி: கடையில் விற்கும் வெள்ளைப் பசை போதாதா?

பதில்: ஒட்டும். ஆனாலும் வஜ்ஜிரத்தையே பரிந்துரைப்பேன். தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசையும் நாரும் ஒரே புரதம். இரண்டும் சேர்ந்தே உலர்ந்து சுருங்கும். பசையைக் கொதிக்கவிடாதீர்கள், வலு போய்விடும். 60 பாகை செல்சியஸ் போதும். உலர்ந்த நாரை மரச்சுத்தியால் தட்டி இழை இழையாகப் பிரித்து, பசையில் தோய்த்து வழித்து, நுனிகள் ஒரே இடத்தில் சேராதபடி மாற்றி மாற்றிப் பதியுங்கள். இஷி சால்மன் மீன் தோலிலிருந்து பசை எடுத்தார்.

கேள்வி: ஒட்டி ஒரு வாரமாகிவிட்டது. நாண் பூட்டலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மேலே காய்ந்தது போலத் தெரியும், அடியில் ஈரம் இருக்கும். மாதக்கணக்கில் நிழலில் விடுங்கள். நார் சுருங்கச் சுருங்க வில்லின் நுனிகள் இலக்குப் பக்கமாகத் தாமே வளையும். அந்த வளைவுதான் அம்புக்குக் கூடுதல் வேகம் தரும்.

கேள்வி: மழையில் எடுத்துச் செல்லலாமா?

பதில்: கூடாது. பசையும் நாரும் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். கொழுப்பு பூசினால் தூறலுக்குத் தாங்கும், அவ்வளவுதான்.