நரம்பை வெட்டினால் இதயம் நின்றுவிடாதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. இதயத்தைத் தாக்கியுள்ள சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். நெஞ்சில், ஆபத்தான துடிப்பு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவி உள்ளது. துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். குழாய் செலுத்தி, கோளாறான இதயத் திசுவைச் சுடும் அப்லேஷனும் செய்தார்கள். ஆனாலும் கருவி அடிக்கடி அதிர்ச்சி கொடுக்கிறது. இப்போது மார்புக்குள் நரம்பை வெட்டலாம் என்கிறார்கள். இதயம் நின்றுவிடாதா?
- வாசகி, ஈசூன்

பதில்: நிற்காது. துடிப்பு இதயத்தின் வலது மேலறையிலுள்ள சிறு திசுவிலேயே பிறக்கிறது. நரம்புகள் அதன் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். மாற்று இதயம் பெற்றவர்களிடம் நரம்புத் தொடர்பு அறுபட்ட நிலையில்தான் அந்த இதயம் துடிக்கத் தொடங்குகிறது.

அழற்சியும் அது விட்டுச்சென்ற தழும்பும் கீழறைத் தசையில் மின்னோட்டத்தைச் சுழலவிடுகின்றன. பயம், வலி, பதற்றம் வரும்போது இதயத்தை வேகப்படுத்தும் பரிவு நரம்புகள் அந்தச் சுழற்சியைத் தூண்டுகின்றன. கருவி தரும் அதிர்ச்சியே வலியும் பயமும் தருவதால், ஓர் அதிர்ச்சி அடுத்ததற்கு வழிவிடுவதும் உண்டு. 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ இப்படி நேர்ந்தால் அதை மின்புயல் என்பார்கள். அந்தத் தூண்டுதலைத் துண்டிப்பதே இந்த அறுவைச் சிகிச்சை. விலா எலும்புகளுக்கிடையே சிறு துளைகளிட்டு, கேமராவின் உதவியுடன், கழுத்தடியிலுள்ள ஸ்டெல்லேட் என்ற பரிவு நரம்பு முடிச்சின் கீழ்ப்பகுதியையும் அதற்குக் கீழே மார்பின் மேற்பகுதியிலுள்ள சில முடிச்சுகளையும் அகற்றுவார்கள். மேற்பகுதியை விட்டுவைப்பது கண்ணிமை தொங்காமலும் கண்மணி சுருங்காமலும் இருப்பதற்காக. பிறவியிலேயே வரும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடிய நீள் க்யூடி என்ற மின்கோளாறு நோய்க்கு இடப்பக்கம் மட்டும் இதைச் செய்வது 1971 முதலே அறியப்பட்டது. தழும்புள்ள இதயத்திற்குப் பெரும்பாலும் இரு பக்கமும் செய்கிறார்கள்.

உங்கள் கணவரைப் பொறுத்தவரை நான் முதலில் கேட்பது நுரையீரலைப் பற்றித்தான். சார்காய்டோசிஸ் பெரும்பாலும் நுரையீரலையும் விட்டுவைப்பதில்லை. இந்தச் சிகிச்சையிலோ ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கிவைத்து மறுபக்கத்தால் மட்டும் மூச்சுவிடச் செய்ய வேண்டும். ஆகவே நுரையீரல் செயல்திறனையும், இதயம் மயக்க மருந்தைத் தாங்குமா என்பதையும் மயக்கவியல் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். அழற்சி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறதா என்று பெட் ஸ்கேனில் பார்த்தார்களா என்பதும் முக்கியம். எரிந்துகொண்டிருந்தால் அதற்கான மருந்தைச் சரிசெய்வதற்கு முன் கத்தியை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அதிர்ச்சிகள் பலருக்குக் குறைகின்றன, எல்லாருக்கும் நின்றுவிடுவதில்லை. அழற்சி இதய நோயில் இதன் அனுபவம் இன்னும் சிறு நோயாளிக் குழுக்களிலிருந்து வந்ததே. கைகள் வறண்டு, முதுகிலும் வயிற்றிலும் வியர்வை பெருகலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சிறு தொல்லையல்ல. துளையிட்ட இடத்தில் சில வாரங்கள் நரம்பு வலியும் இருக்கலாம்.

கருவியை எடுக்கமாட்டார்கள். ஸ்டீராய்டை அறுவைக்கு முன்போ பின்போ நீங்களாக நிறுத்தவே கூடாது, ஏனெனில் இந்த வெட்டு அழற்சியைத் தொடுவதேயில்லை. ஓர் அதிர்ச்சி வந்து அவர் நலமாக இருந்தால் அன்றே இதய மருத்துவரிடம் தெரிவியுங்கள். அடுத்தடுத்து வந்தாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தாலோ ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.