கம்மி விலையில நல்லா குறி விழுற போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்: கேள்வி பதில்

மான் சீசன் நெருங்குது, ஆளாளுக்கு தனித்தனியா மெசேஜ்ல கேக்கறீங்க, அதனால எல்லாத்துக்கும் இங்கயே பதில் சொல்லிடறேன். போல்ட் ஆக்‌ஷன்னா ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட்டுங்கற கைப்பிடிய கையால இழுத்துத் தள்ளி தோட்டா ஏத்தற ரைபிள். நான் இருக்கறது டெக்சாஸ்ல, சுடறது வெள்ளைவால் மான், காட்டுப்பன்னி, மத்த நாள்ல ரேஞ்சுல பேப்பர். பிஸ்டல், ஷாட்கன், ஏஆர்-15 கேள்விய வேற யார்கிட்டயாவது கேளுங்க.

கே (ஹூஸ்டன்): அண்ணே, முதல் ரைபிள். ஸ்கோப் எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலர். மானுக்கும் ஆகணும், ரேஞ்சுக்கும் ஆகணும். எத வாங்க?

ரூகர் அமெரிக்கன், இல்லன்னா ஆக்யூட்ரிகர் (அழுத்தத்த நாமளே கூட்டிக் குறைக்கற ட்ரிகர்) இருக்கற சாவேஜ் ஆக்ஸிஸ். ரெண்டையும் கடையில தோள்ல வச்சுப் பாத்து எது படியுதோ அத எடுத்துக்கோங்க தம்பி.

இவ்ளோ சல்லிசா இருக்கே, நேரா போகுமான்னு சந்தேகம் வரும். போகும், அதுக்குக் காரணம் இருக்கு. தோட்டா உள்ள போய் உக்காந்ததும் அதுக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி துல்லியமா இருக்கணும். முன்னெல்லாம் கைதேர்ந்த ஆள் ஒருத்தர் உக்காந்து ராவி ராவி அத சரி பண்ணணும், கூலியே எகிறிடும். சாவேஜ் 1958ல 110 மாடல கொண்டு வந்தப்போ பேரல திருகி, கேஜ் வச்சுப் பாத்து, ஒரு பெரிய நட்டால இறுக்கிட்டா போதும்னு ஆக்கிட்டாங்க. 2012ல வந்த ரூகர் அமெரிக்கனும் அதே பேரல் நட் வழிதான். காச மிச்சம் பிடிச்சது பிளாஸ்டிக் ஸ்டாக்குலயும் (தோள்ல வைக்கற கட்டை), மேகசின்லயும், கொஞ்சம் கரகரன்னு இழுக்கற போல்ட்லயும்தான், பேரல்ல இல்ல.

ஸ்டாக் மெத்துனு வளையும், அத மட்டும் கவனிங்க. ஒரு டாலர் நோட்ட பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவுல விட்டு ரிசீவர் (போல்ட் ஓடற உலோக உடல், ஆக்‌ஷன்னும் சொல்லுவாங்க) வரைக்கும் இழுத்துப் பாருங்க. பைபாட் (ரெண்டு கால் ஸ்டாண்டு) மாட்டி முன்னாடி சாய்ஞ்சப்பறமும் நோட்டு ஓடணும், சிக்கிச்சுன்னா பேரல ஸ்டாக் தள்ளுது, குறி அலையும்.

காச இப்படி பிரிங்க: ரைபிளுக்கு 500, ஸ்கோப்புக்கு 250, ஸ்கோப்ப ரைபிள்ல பிடிச்சு வைக்கற மவுண்டும் ரிங்கும் 60, மிச்சம் அத்தனையும் தோட்டாவுக்கு. ஸ்கோப் மாட்டறப்போ ஸ்க்ரூல இருக்கற எண்ணெய தொடச்சிட்டு இன்ச் பவுண்டு காட்டற டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்குங்க, ரிங் ஸ்க்ரூவுக்கு பெரும்பாலும் 15லருந்து 18 தான் சொல்லுவாங்க. கைக்கணக்குல முறுக்காதீங்க. இத இன்னைக்கு இன்னும் பல தடவ சொல்லுவேன்.

கே (டல்லாஸ்): கம்பெனி 1 எம்.ஓ.ஏ. கேரண்டி குடுக்கறான். என் ஃப்ரெண்ட் அரை இன்ச் குரூப் (ஓட்டை எல்லாம் அரை இன்ச்சுக்குள்ள) போட்டோவே அனுப்பறான். நம்பலாமா?

போட்டோவுல எத்தன ஓட்ட இருக்குன்னு எண்ணுங்க. மூணா? அப்போ அது அதிர்ஷ்டம். எம்.ஓ.ஏ.ங்கறது குறி எவ்ளோ சிதறுதுன்னு சொல்ற கோணக் கணக்கு, 1 எம்.ஓ.ஏ.ன்னா 100 யார்டுல 1.047 இன்ச், அதாவது ஒரு இன்ச்சுக்கு சொச்சம். எந்த ரைபிளும் மூணு ரவுண்டுல எப்பவாவது அரை இன்ச் காட்டும், அந்த ஒரு பேப்பர மட்டும் பர்ஸ்ல வச்சுக்கிட்டு சுத்துவாங்க. பத்து ரவுண்டு சுடச் சொல்லுங்க, அதே துப்பாக்கி ஒன்னேகால், ஒன்றரை காட்டும், அதுதான் உண்மை. மெல்லிசு பேரல் சீக்கிரம் சூடாகும், நடு நடுவுல ஆற விடணும்.

அதுவுமில்லாம மானுக்கு அரை இன்ச் எதுக்கு? நெஞ்சுப் பகுதி கிட்டத்தட்ட எட்டு இன்ச் இருக்கு. 2 எம்.ஓ.ஏ. ரைபிள் கூட 200 யார்டுல நாலு இன்ச் சொச்சத்துக்குள்ள போட்டுரும். மிச்சம் உங்க தோளும் மூச்சும்தான்.

கே (நியூ ஜெர்சி): எச்1பி விசாவுல இருக்கறவங்க வாங்கலாமா?

பொதுவா முடியாது, விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வச்சுக்கறதே ஃபெடரல் சட்டப்படி தடை. செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு. இதுல டெக்சாஸ்காரங்க மாட்டற இடம் ஒன்னு: தனியார் நிலத்துல காட்டுப்பன்னி சுட 2019லருந்து மாநிலம் லைசென்ஸ் கேக்கறதில்ல, ஆனா விசாக்காரர் துப்பாக்கிய கையில எடுக்கணும்னா அந்த லைசென்ஸ் வேணும். ஃப்ரெண்டோடது, சும்மா ரெண்டு ரவுண்டுதானேன்னு தொட்டுறாதீங்க. கிரீன் கார்டுன்னா இந்தத் தடை இல்ல. உங்க மாநிலத்துக்கு தனி விதி நிறைய, வக்கீல கேட்டுட்டு செய்ங்க.

கே (கோவை): நம்ம ஊர்ல முயல், பன்னி சுட எது நல்லது?

எதுவும் இல்ல. 1972 வனவிலங்கு சட்டம் இருக்கு, ஜெயிலும் இருக்கு. குறி பாத்து சுடற ஆசைன்னா ரைபிள் கிளப்ல சேருங்க.

கே (சான் அன்டோனியோ): 6.5 க்ரீட்மூரா .308ஆ?

வந்துருச்சா காலிபர் சண்ட, அதாவது எந்தத் தோட்டா வகைங்கற சண்ட! .308 வின்செஸ்டர் 1952ல வந்தது. 6.5 க்ரீட்மூர் 2007ல ஹார்னடி கம்பெனி டார்கெட் போட்டிக்காக கொண்டு வந்தது. 6.5ல குண்டு ஒல்லி, நீளம், காத்த கிழிச்சுட்டு போகும். ஹார்னடியோட 140 கிரெயின் (குண்டோட எடைக் கணக்கு) டார்கெட் குண்டுக்கு பி.சி. (காத்த எவ்ளோ நல்லா கிழிக்குதுங்கற எண், ஜாஸ்தின்னா நல்லது) .646, .308ல அதே வகை 168 கிரெயினுக்கு .523. அதனால 500 யார்டு தாண்டினா 6.5 கம்மியா இறங்கும், காத்துல கம்மியா ஒதுங்கும், தோள்ல உதையும் கம்மி. 200 யார்டுக்குள்ள மானுக்கு எதுல அடிபட்டோம்னே தெரியாது. புது ஆளுக்கு நான் 6.5 தான் சொல்லுவேன்.

கே (ஓக்லஹோமா): அண்ணே இது ஃபேஷன். பட்டாளமே .308ல தான் சுடுது, எந்தக் கடையிலயும் கிடைக்கும். 6.5 பேரல் சீக்கிரம் போயிரும்.

பேரல் விஷயம் சரி. 6.5 ரெண்டாயிரம் மூவாயிரம் ரவுண்டுல களைச்சுரும், .308 அஞ்சாயிரம் தாண்டியும் ஓடும். ஆனா வருஷத்துக்கு ரெண்டு பெட்டி சுடற ஆளு எந்த ஜென்மத்துல மூவாயிரம் முடிக்கப் போறாரு? பட்டாளக் கதைன்னா, 2018லயே அமெரிக்க சிறப்புப் படை ஸ்னைப்பருக்கு 6.5 க்ரீட்மூர்னு முடிவு பண்ணிட்டாங்க. கடையிலயும் இப்போ ரெண்டும் பக்கத்து பக்கத்துலதான் இருக்கு.

கே (ஓக்லஹோமா, மறுபடியும்): என் மச்சான் 6.5ல பன்னிய சுட்டாரு, அது பாட்டுக்கு ஓடிருச்சு. .308ன்னா அங்கயே விழுந்திருக்கும்.

எந்த குண்டு போட்டாருன்னு மச்சான கேளுங்க. பெட்டி மேல மேட்ச்னு எழுதியிருந்தா அது பேப்பருக்கு, உள்ள போய் எப்படி விரியும்னு உத்தரவாதம் கிடையாது. வேட்டைக்குன்னு எழுதியிருக்கற சாஃப்ட் பாயின்ட் (உள்ள போய் விரியற மெத்து முனை குண்டு) வாங்கச் சொல்லுங்க. அப்பறம் எங்க பட்டுச்சுன்னும் கேளுங்க. வயித்துல போட்டா .308ம் ஓட விடும்.

கே (கொலராடோ): ரெண்டு பேரும் சண்ட போடறீங்க, .30-06 1906லருந்து எல்க் (பெரிய வகை மான்) சாய்ச்சுட்டு இருக்கு.

யாரு இல்லன்னா? எல்குக்கு தாராளமா எடுங்க. ஆனா உதை ஜாஸ்தி, லைட் ரைபிள்ல முதல் நாளே இருபது ரவுண்டு சுட்டா மறுநாள் ட்ரிகர தொடும்போதே கண்ணு மூடிக்கும். சரி, காலிபர் பஞ்சாயத்து இதோட போதும்.

கே (ஆஸ்டின்): 500 டாலருக்குள்ள எது பெஸ்ட்?

மேல முதல் பதில்.

கே (டென்வர்): போன வருஷம் ஒரு இன்ச் போட்ட ரைபிள் இப்போ நாலு இன்ச் போடுது. பேரல் மாத்தணுமா?

ஸ்க்ரூ. ரிங் ஸ்க்ரூ, மவுண்ட் ஸ்க்ரூ, ஸ்டாக்க ஆக்‌ஷனோட புடிச்சிருக்கற ஸ்க்ரூ, மூணையும் பாருங்க. அப்பறம் பேரலுக்குள்ள குண்டு விட்டுட்டுப் போன தாமிரக் கறை போக க்ளீன் பண்ணுங்க. அதுக்கும் சரியாகலன்னா வேற ஸ்கோப் மாட்டிப் பாருங்க. பேரல் கடைசி.

கே (சியாட்டில்): டிக்கா டி3எக்ஸ் வொர்த்தா?

காசு இருந்தா கண்ண மூடிட்டு வாங்குங்க. ஃபின்லாந்துல சாக்கோ ஃபேக்டரியில செய்யறது, போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடும், ட்ரிகர் சுத்தமா உடையும். ஆனா அந்தக் காசுக்காக ஸ்கோப்ப 80 டாலர்ல முடிக்கறதா இருந்தா ரூகரே வாங்குங்க.

கே (அட்லாண்டா): பழைய ரெமிங்டன் 700 ஒன்னு சல்லிசா வருது.

ட்ரிகர் ரீகால் லிஸ்ட்ல இருக்கா, சரி பண்ணியாச்சான்னு சீரியல் நம்பர் வச்சு பாத்துட்டு வாங்குங்க. மத்தபடி 1962லருந்து இருக்கற மாடல், உதிரி பாகத்துக்கு பஞ்சமே இல்ல.

கே (ஃபீனிக்ஸ்): புது ஸ்கோப், பேப்பர்லயே படல. அரைப் பெட்டி தோட்டா வீண்.

போல்ட்ட உருவிட்டு பின்னாடியிலருந்து பேரல் வழியா 25 யார்டு தள்ளி இருக்கற டார்கெட்ட பாருங்க, ரைபிள அசைக்காம ஸ்கோப் கோட்ட அங்க கொண்டு வாங்க. 25ல பட்டப்பறம் 100க்கு போங்க. மாட்டறப்போ டார்க் ரெஞ்ச் வச்சீங்களா?

கே (சார்லட்): தோட்டா விலை கட்டுப்படியாகல. பழகறது எப்படி?

.22 (சின்ன, சல்லிசான தோட்டா) போல்ட் ஆக்‌ஷன் ஒன்னு வாங்குங்க. சிஇசட் 457, சாவேஜ் மார்க் 2, எதுவா இருந்தாலும் சரி. 50 யார்டுல படுத்து, உக்காந்து, நின்னு சுட்டுப் பழகினா பெரிய ரைபிள்ல பாதி வேல முடிஞ்சுது.

கே (பிளானோ): 500 டாலர் பட்ஜெட், எந்த ரைபிள்...

முதல் பதில் சார். முதல் பதில்.

கே (ஹூஸ்டன்): நான் இடதுகைக்காரி, உயரமும் கம்மி. கடையில குடுத்த ரைபிள் எல்லாம் நீளமா இருக்கு, போல்ட்டும் தப்பு பக்கம்.

சிஸ்டர், வலதுகை ரைபிள வச்சு சமாளிக்கச் சொல்லுவாங்க, கேக்காதீங்க. சாவேஜ் 110, டிக்கா, ரூகர் அமெரிக்கன் மூணுலயும் இடதுகை மாடல் உண்டு, எல்லா காலிபர்லயும் வராது, கடையில இருப்பு இல்லன்னா ஆர்டர் போடச் சொல்லுங்க. 110ல இப்போ வர்ற நிறைய மாடல்ல ஸ்டாக் நீளத்த கூட்டிக் குறைக்கலாம், அது உங்களுக்கு வசதி. காலிபர் .243, இல்லன்னா 6.5. காதுக்குள்ள ப்ளக், அதுக்கு மேல மஃப், ரெண்டும் சேர்த்து போடுங்க, சத்தம் 150 டெசிபலுக்கு மேல போகும், பயந்து கண்ண மூடறதுல பாதி அந்த சத்தத்தாலதான். ஸ்கோப்ப கடைக்காரரே மாட்டிக் குடுத்தாலும் வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூவ ஒரு தடவ செக் பண்ணிருங்க.