கம்பைப் பாத்தா நிக்கிற மட்டக்குதிரை: முள்ளு கடிவாளம் போடலாமா?

கேள்வி: அண்ணே, நாங்க தேவகோட்டை பக்கம். 11 வயசு மகளுக்காக ரெண்டு மாசம் முன்னாடி ஒரு மட்டக்குதிரை வாங்குனோம், 6 வயசுன்னு சொல்லிக் குடுத்தாங்க. தாண்டுறதுக்கு ஒரு அடி உயரத்துல கம்பு வச்சாலே கிட்டப் போயி டக்குனு நின்னுடுது, ஒரு தடவ பிள்ள கழுத்து வழியா விழுந்துட்டா. வெளிய கூட்டிப் போனா கண்மாய் நெறஞ்சு வெளியேறுற கலுங்குத் தண்ணியத் தாண்ட மாட்டேங்குது. வித்த தரகர், முள்ளு கடிவாளம் போட்டா ஒரே வாரத்துல சரியாயிரும், இல்லாட்டி மேல 40,000 குடுங்க வேற மாத்தித் தர்றேங்குறாரு. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த முள்ளு கடிவாளத்த வீட்டு வாசப்படி ஏற விடாதீங்க. 1965-லயே விதி போட்டு தடை பண்ணுன சாமான் அது, இன்னும் தாராளமா விக்கிறாங்க, கேக்க நாதியில்ல. தாண்டும்போது பிள்ள தடுமாறி லகானப் பிடிச்சு இழுத்தா முள்ளு நாக்குல ஏறும், தாண்டுனா வாய் வலிக்கும்னுதான் குதிரை படிச்சுக்கும், அடுத்த தடவ பத்தடி முன்னாடியே நிக்கும். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுல இப்படி ஒண்ணப் பாத்தேன், தொட்டில தவிடு தின்னுட்டு தலையத் தூக்குது, மிச்சத் தவிட்டுல செவப்பா கோடு கோடா ரத்தம். எனக்கு அன்னைக்கு சாப்பாடு எறங்கல.

உங்க குதிரைக்கு இருக்கது திமிர் இல்ல, பயம். ஒரு அடிய மறந்துட்டு கம்பத் தரையில போடுங்க. நல்ல கனமான சவுக்குக் கட்டையா இருக்கணும், மூங்கில் கால்பட்டா உருண்டு இன்னும் மிரளும். முதல்ல ஒண்ணே ஒண்ணு, அதுமேல சும்மா நடக்க விடுங்க, பழகுனப்புறம் மூணு நாலு கட்டைய மூணரை அடி இடைவெளியில போட்டு மெதுவோட்டத்துல விடுங்க, கால் இடிச்சா கட்டைய கொஞ்சம் தள்ளிப் போடுங்க. கட்டைக்கு செவப்பு பெயிண்ட் வேணாம், குதிரைக் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் தெரியிற மாதிரி செவப்பு தெரியாது, நம்ம செம்மண்ணுல அது மண்ணோட மண்ணா போயிரும், சுண்ணாம்பு அடிச்சா போதும். பத்து நாள் கழிச்சு ரெண்டு கட்டைய பெருக்கல் குறி மாதிரி வச்சு நடுவுல அரையடி உயரம், வீட்டு லாயத்தப் பாத்து வர்ற திசையில வைங்க, அந்தப் பக்கம்னா தானா மனசு வரும். மூக்குக்கு நேர் கீழ இருக்கது அதுக்குத் தெரியாது, தலைய ஆட்டித்தான் பாக்கும், அதனால பிள்ள லகானத் தளத்திட்டு பிடரி மயிரப் பிடிச்சுக்கட்டும். ஒரு தடவ நல்லாத் தாண்டுச்சா, எறங்கித் தட்டிக் குடுத்து அன்னைக்கு முடிச்சுருங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்.

மத்த நாள் கண்மாய்க் கரை. தனியா போகாதீங்க, மிரளாத ஒரு குதிரை முன்னாடி போகணும், கிடைக்கலைனா நீங்களே முன்னாடி நடங்க. கலுங்குல மினுங்குற தண்ணி ஒரு சாணா ஒரு ஆளா அதுக்குத் தெரியாது, நின்னு மோந்து பாக்கட்டும், அரை மணி ஆனாலும் அடிக்காதீங்க. திரும்புனதும் நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்க, சீமைக்கருவேல முள்ளு ஏறுனா ரண ஜன்னி, அதான் டெட்டனஸ், வரும், குதிரைக்கு அது லேசுல வந்துரும், தடுப்பூசி போட்டே ஆகணும். இந்த ஊசிக்காக நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே, மாடு ஆடுன்னா முகாம் போடுறாங்க, குதிரைன்னா எங்க ரிஜிஸ்டர்லயே இல்ல சார்ங்கிறாங்க, அதுவும் உசுருதானே!

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் சொன்ன பயிற்சி பலிக்காது. முன்னாடி தாண்டிக்கிட்டு இருந்து திடீர்னு நிறுத்துன குதிரைனா அது பயமில்ல, வலி. சேணத்த எறக்கிட்டு முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் விரலால அழுத்திக்கிட்டே வாங்க, குழிஞ்சு எறங்குதா, தோல் துடிக்குதா, காத பின்னால மடக்குதான்னு பாருங்க. வேர்வை நனைஞ்ச முதுகுல நடுவுல ஒரு கையளவு மட்டும் காஞ்சிருந்தா சேணம் அங்கதான் அழுத்துது. சேணம் சரியா இருந்தா குளம்பப் பாருங்க, லாடம் அடிச்சு ரெண்டு நாள்ல ஆரம்பிச்சதா இது? அதுவும் இல்லைனா கடவாப் பல்லு ஓரம் கூர்மையாகி கன்னத்தக் கிழிக்கும். வலியோட தாண்ட வச்சா ஒருநாள் பிள்ளையோட சேந்து விழும்.

தரகர் வேற குதிரை தர்றேன்னா ஒத்துக்காதீங்க. இவங்க ராசியான முடிச்சுழி அது இதுன்னு பேசி நம்ம கண்ண முதுகுல நிறுத்திட்டு, வாயத் தொறந்து காட்ட மாட்டாங்க. முன்பல்லு மேல 6 கீழ 6, ஓரப் பல்லு மாறி முடிய அஞ்சு வயசு நெருங்கும், ஓரத்துல சின்னதா வெள்ளையா பால்பல்லு நின்னா உங்களது இன்னும் குட்டி, அப்படினா தாண்டுற வேலையே இப்ப வேணாம், நடை மட்டும். விக்கிற அன்னைக்கு மயக்க ஊசி போட்டு சாதுவா நிறுத்துறதும் உண்டு, தலை தொங்கி கீழ் உதடு தளந்து கிடந்தா நம்பாதீங்க, மறுநாள் சொல்லாமப் போயிப் பாக்கணும்.

இன்னைக்கு சாயங்காலமே சேணத்த எறக்கி முதுகத் தடவிப் பாருங்க, பல்லையும் பாருங்க. என்ன தெரிஞ்சதோ அத எழுதுங்க, மேல சொல்றேன்.