கணினி தொடங்கும்போது எழும் விரிவாக்க கார்டு பிழைகள்: கேள்வி பதில்

கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, ரெய்டு கார்டு (பல வட்டுகளைச் சேர்த்து நிர்வகிப்பது) என மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகப்படும் கார்டுகளால் கணினி தொடங்கும் முதல் சில நொடிகளில் எழும் பிழைகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். பழுதுபார்ப்பு மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். திரையில் எந்தக் கார்டின் பெயர் வருகிறதோ அதுவே பழுதானது என்று முடிவுகட்டி, நல்ல கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கியவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆகவே காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவற்றையே முதலில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் பழைய சர்வரில் ஒரு ரெய்டு கார்டு இருந்தது. அதனுடன் நான்கு போர்ட் கொண்ட நெட்வொர்க் கார்டைச் சேர்த்ததிலிருந்து "எக்ஸ்பான்ஷன் ரோம் நாட் இனிஷியலைஸ்டு" என்று வந்து நிற்கிறது. எஃப்1 அழுத்தினால் மேலே போகிறது, நெட்வொர்க்கும் வேலை செய்கிறது. கார்டு பழுதா, ஐயா?

பழுதில்லை. "வேலை செய்கிறது" என்று நீங்கள் எழுதியதே அதற்குச் சான்று.

இத்தகைய கார்டுகளில் ஆப்ஷன் ரோம் (செய்தியில் வரும் எக்ஸ்பான்ஷன் ரோம் இதுதான்) எனப்படும் சிறு நிரல் ஒன்று பதிந்திருக்கும். இயங்குதளம் வருவதற்கு முன்பே அந்தக் கார்டைப் பயன்படுத்துவதற்கு, அதாவது அதில் இணைந்த வட்டிலிருந்தோ நெட்வொர்க் வழியாகவோ கணினியைத் தொடங்குவதற்கு, அந்த நிரல் தேவைப்படுகிறது. பழைய பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்த நிரல்) இந்த நிரல்களை நினைவகத்தின் முதல் 1 மெகாபைட்டுக்குள், 768ஆம் கிலோபைட்டில் தொடங்கும் ஒரு குறுகிய பகுதியில்தான் வைக்க முடியும். பெரும்பாலான கணினிகளில் அந்தப் பகுதி 128 கிலோபைட் மட்டுமே. அதிலும் திரைக் காட்சிக்கான நிரல் தொடக்கத்திலேயே 32 கிலோபைட்டோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டுவிடும். அடுத்து ரெய்டு கார்டு வந்து அமரும். அதன் பிறகு நெட்வொர்க் கார்டின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக நிரலை ஏற்ற முயலும்போது இடம் தீர்ந்துபோகிறது. எந்தக் கார்டுக்கு இடம் கிடைக்கவில்லையோ அதன் பெயரைத்தான் திரை காட்டுகிறது. பந்தியில் கடைசியாக வந்தவருக்கு இலை இல்லை என்பதற்காக அவர்மேல் குற்றம் சொல்ல முடியாதல்லவா?

பயாஸ் அமைப்புக்குள் சென்று, எந்தக் கார்டிலிருந்து கணினி தொடங்கத் தேவையில்லையோ அந்த ஸ்லாட்டின் ஆப்ஷன் ரோமை அணைத்துவிடுங்கள். உங்களுக்கு வட்டுகள் ரெய்டு கார்டில் இருப்பதால் அதை மட்டும் விட்டுவைத்து, நெட்வொர்க் கார்டுக்கும் மதர்போர்டிலேயே உள்ள நெட்வொர்க் போர்ட்டுக்கும் "நெட்வொர்க் பூட்" என்பதை நிறுத்தினால் போதும். இயங்குதளம் தன் சொந்த டிரைவர் வழியாக அந்தப் போர்ட்டுகளை வழக்கம்போல் பயன்படுத்தும். ரெய்டு கார்டின் ரோமைத் தவறுதலாக அணைத்தால் கணினி வட்டையே காணாது. தரவு எதுவும் அழிந்திருக்காது, மீண்டும் இயக்கினால் சரியாகிவிடும்.

கேள்வி: புதிய கணினிகளிலும் இந்த இட நெருக்கடி உண்டா?

பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யு.இ.எஃப்.ஐ. முறையில் இல்லை. அங்கே கார்டின் நிரல் சாதாரண நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. ஆனால் பழைய முறையைத் தாங்கும் சி.எஸ்.எம். என்ற ஏற்பாடு இயக்கத்தில் இருந்தால் அதே சிக்கல் திரும்ப வரும். ஏ.எம்.ஐ. நிறுவனத்தின் பயாஸ் உள்ள மதர்போர்டின் எண் காட்டியில் (தொடக்க நிலையைக் குறியீடாகக் காட்டும் சிறு திரையில்) டி5 என்று நின்றால் பொருள் இதுதான்.

கேள்வி: வீடு மாற்றிய பிறகு கணினி ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் எழுப்புகிறது. திரை கருப்பாகவே இருக்கிறது.

அவார்டு வகை பயாஸில் இந்த ஒலி காட்சிக் கார்டைக் குறிக்கும், ஏ.எம்.ஐ. வகையில் எட்டு குறுகிய ஒலி வரும். வண்டியில் குலுங்கி வந்த கணினியில் இது வந்தால், கார்டு ஸ்லாட்டை விட்டு எழும்பியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

என் மேசைக்கு வந்த ஒரு கணினியில் கார்டு மேலிருந்து பார்க்கையில் நன்றாகவே பொருந்தியிருந்தது. கேபினெட்டைப் படுக்கவைத்து, டார்ச் அடித்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோதுதான், தங்கப் பூச்சு வரிசையின் ஒரு முனை ஸ்லாட்டுக்குள் முழுதாக மறைந்திருக்க, மறு முனையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பொன்னிறக் கோடு வெளியே தெரிந்தது. பின்புறத் தகட்டின் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கியதால் கார்டு நெம்புகோல் போல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, கார்டை இரு முனைகளிலும் சமமாக அழுத்தி, ஸ்லாட்டின் கொக்கி "டக்" என்று விழுந்த பிறகு ஸ்க்ரூவை மெதுவாக முறுக்கினேன். கணினி உடனே தொடங்கியது.

நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். ஆனால் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே கையை உள்ளே விட வேண்டும். கணினி அணைந்திருந்தாலும் கம்பி இணைந்திருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். கம்பியை எடுத்த பின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சத்தையும் வடியவிட்டு, கேபினெட்டின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுக் கார்டின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள்.

கேள்வி: கார்டின் தங்கப் பூச்சை ரப்பரால் தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே, அண்ணா?

பல நேரங்களில் சரியாகத்தான் செய்கிறது. அதனால்தான் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. ஆனாலும் நான் பரிந்துரைப்பதில்லை. பூச்சு மிக மெல்லியது, ஒவ்வொரு தேய்ப்பிலும் குறைகிறது. ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதிய தொல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் சிறிது நனைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் செருகுங்கள்.

கேள்வி: புதிய கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்தியதும், பவர் கேபிளை இணைக்கும்படி திரையில் செய்தி வருகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியில்) கிடைத்த 8 முனை கேபிள் கார்டில் நுழைய மறுக்கிறது.

அழுத்தாதீர்கள், தயவுசெய்து அழுத்தாதீர்கள். உங்கள் கையில் இருப்பது பிராசசருக்கான 8 முனை கேபிள் என்று தோன்றுகிறது. அது 4+4 ஆகப் பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட் முனைகளும் தரை (கிரவுண்டு) முனைகளும் இடம் மாறியிருப்பதால், வலுக்கட்டாயமாக நுழைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். 6 முனை கேபிள் மேலும் 75 வாட், 8 முனை கேபிள் 150 வாட் தரும். கார்டில் எத்தனை பவர் சாக்கெட் உண்டோ அத்தனையும் நிரம்பினால்தான் அது தொடங்கும். உரிய கேபிள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லையென்றால் அந்த எஸ்.எம்.பி.எஸ். இந்தக் கார்டுக்கு ஏற்றதல்ல என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11க்காக சி.எஸ்.எம்.மை அணைத்தேன். அதன் பிறகு என் பழைய கிராஃபிக்ஸ் கார்டில் படமே வரவில்லை.

யு.இ.எஃப்.ஐ. முறையில் திரையை இயக்க, கார்டிலுள்ள நிரலில் ஜி.ஓ.பி. என்ற பகுதி இருக்க வேண்டும். 2012க்கு முந்தைய கார்டுகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. பிராசசரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருந்தால், கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டின் போர்ட்டில் இணைத்து அமைப்புக்குள் நுழையலாம். இல்லையெனில் மதர்போர்டிலுள்ள சி.ஆர்.2032 என்ற காசு வடிவப் பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றியோ, அதற்கென உள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்பு முனையைப் பயன்படுத்தியோ அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவாருங்கள். சி.எஸ்.எம். இயங்கும்போது செக்யூர் பூட் (நம்பகமான நிரல்களை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்காது என்பதால், விண்டோஸ் 11தான் வேண்டுமென்றால் இந்த ஒரு இடத்தில் மட்டும் கார்டை மாற்றுவதே முறை.

கேள்வி: "பி.எக்ஸ்.இ.-இ61, மீடியா டெஸ்ட் ஃபெயிலியர்" என்று வருகிறது. நெட்வொர்க் கார்டை மாற்றலாமா?

வேண்டாம். கேபிள் இணைப்பு இல்லாத நிலையில் கணினி நெட்வொர்க் வழியாகத் தொடங்க (பி.எக்ஸ்.இ. என்பது இதுதான்) முயன்று தோற்றிருக்கிறது. வட்டு கண்ணில் படாததால்தான் பெரும்பாலும் அங்கே போகிறது. பயாஸில் வட்டு தெரிகிறதா, தொடக்க வரிசையில் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எம்.2 எஸ்.எஸ்.டி. ஒன்றைச் சேர்த்ததும், கீழ் ஸ்லாட்டில் இருந்த கார்டு காணாமல் போய்விட்டது.

பல மதர்போர்டுகளில் எம்.2 இடமும் ஒரு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும், அல்லது வட்டுகளை இணைக்கும் சில சாட்டா போர்ட்டுகளும், தரவு செல்லும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று நிரம்பினால் மற்றது அணைந்துவிடும். மதர்போர்டின் கையேட்டில் சிறு எழுத்தில் இது அச்சிடப்பட்டிருக்கும், எஸ்.எஸ்.டி.யை வேறு எம்.2 இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: இத்தனையும் செய்த பிறகும் பிழை வந்தால், கார்டுதான் பழுது என்று எப்படி உறுதி செய்வது?

மற்ற எல்லாக் கார்டுகளையும் கழற்றிவிட்டு, அந்த ஒரு கார்டை மட்டும் வேறொரு நல்ல கணினியில் பொருத்திப் பாருங்கள். அங்கும் அதே பிழை என்றால் கார்டில்தான் குறை. அங்கே நன்றாக இயங்கினால், உங்கள் கணினியில் வேறு ஸ்லாட்டில் செருகிப் பார்த்து, பிறகு கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கணினியைத் தொடங்கிப் பாருங்கள். எந்தக் கார்டைச் சேர்த்ததும் பிழை திரும்புகிறதோ, அந்தக் கார்டின் பெயரையும் ஸ்லாட்டையும் திரையில் வந்த செய்தியையும் எழுத்துப் பிசகாமல் குறித்து அனுப்புங்கள். அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.